அழுத பிள்ளை பால் குடிக்கும்



'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று நாம் சொல்வோம். கேட்டால்தான் கிடைக்கும் என்பது இதன் பொருள். வீட்டில் பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்கும். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் வேண்டும் என்றால் யார் கேட்பது? யாரிடம் கேட்பது?

எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். "சர்க்கார் தருவதைத் தரட்டும் தங்கச்சி. நாம் போய்க் கேட்டால் நடக்குமா?" என்று அக்காமார் கேட்பார்கள். நடக்கும். நடந்திருக்கிறது. நம் தெருவில் உள்ள அங்கன்வாடியே அதற்குச் சாட்சி. அது வந்த கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

முதல் ஆறு வருடம் ஏன் முக்கியம்?

வீடு கட்டும்போது அஸ்திவாரம் போடுகிறோம். அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வீடு நிற்பது அதன் மேல்தான்.

பிள்ளைக்கு அஸ்திவாரம் முதல் ஆறு வருடம். பிறந்த குழந்தையின் மூளை வேகமாக வளர்கிறது. ஐந்து வயது ஆகும்போது, பெரியவர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடும். அந்த வயதில் சத்துணவு வேண்டும். தடுப்பூசி வேண்டும். பேச்சும் பாட்டும் விளையாட்டும் வேண்டும். அப்போது விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம்.

கேரளத்தில் இந்தக் குறை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். கேரளத்தில் 100 குழந்தைகளில் 23 பேருக்கு வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 100-க்கு 25. இந்தியா முழுவதும் 100-க்கு 35-க்கு மேல். மற்ற மாநிலங்களைப் பார்த்தால் நாம் மேல்தான். ஆனால் நான்கில் ஒரு பிள்ளை வாடினால் அது சின்ன விஷயமா?

அங்கன்வாடி என்ன செய்கிறது?

அங்கனம் என்றால் முற்றம். முற்றத்தில் பிள்ளைகள் கூடும் இடம் என்பதால் அங்கன்வாடி என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆறு வேலைகள் நடக்க வேண்டும்.

1. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சத்துணவு.
2. மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டோடு கல்வி.
3. தடுப்பூசி.
4. உடல்நலப் பரிசோதனை. எடை பார்ப்பதும் இதில் சேரும்.
5. நோய் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது.
6. தாய்மாருக்கு உணவு பற்றியும் சுகாதாரம் பற்றியும் சொல்லிக் கொடுப்பது.

ஆகவே, அங்கன்வாடியைச் சோறு போடும் இடம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஆறும் நடக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

முதலில் கேட்டவர்கள்

1969-ம் வருடம். டில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்தது. தாய்மார் கல் சுமந்தார்கள். கைக்குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடந்தன. மீரா மகாதேவன் என்பவர் இதைப் பார்த்தார். அந்த இடத்திலேயே குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் கிரெஷ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. வேலை எங்கே நடக்கிறதோ, காப்பகமும் அங்கே போகும்.

ஒருவர் ஓர் இடத்தில் செய்யலாம். நாடு முழுவதும் செய்ய அரசுதான் வர வேண்டும். அப்போது, பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் மீனா சுவாமிநாதன் என்ற கல்வியாளர். 1972-ல் குழு அறிக்கை தந்தது. உணவு, மருத்துவம், கல்வி மூன்றையும் ஒன்றாகத் தர வேண்டும் என்பது அதன் கருத்து.

1975 அக்டோபர் 2. காந்தி பிறந்த நாள். அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இதைத்தான் ஐ.சி.டி.எஸ். என்கிறோம். நாடு முழுவதும் 33 இடங்களில் மட்டும் தொடங்கினார்கள். கேரளத்தில் ஓர் இடம் கிடைத்தது. அது மலப்புரம் மாவட்டத்தில் உள்ள வேங்கரா. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறு கிடைத்தது.

பல கைகள் சேர்ந்தன

திட்டம் வந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் வரவில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் இல்லை.

1988-ல் எலா பட் தலைமையில் ஒரு தேசியக் குழு, கூலிப் பெண்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை தந்தது. குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று அதில் சொன்னார்கள். அறிக்கை அலமாரியில் தூங்கிவிடக் கூடாது அல்லவா? அதனால் 1989-ல் பல அமைப்புகள் சேர்ந்து 'ஃபோர்சஸ்' என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. பெண்கள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கல்வியாளர்களும் அதில் சேர்ந்தார்கள். மாநிலங்களிலும் கிளைகள் வந்தன. தமிழ்நாட்டில் 'தமிழ்நாடு ஃபோர்சஸ்' இயங்கியது. காப்பகம் வேண்டும், பேறுகால உதவி வேண்டும், அங்கன்வாடி நன்றாக நடக்க வேண்டும் என்று அது தொடர்ந்து கேட்டது.

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் உதவி உண்டு. தொடக்கத்தில் 300 ரூபாய். 2006-ல் அது 6,000 ரூபாய் ஆனது. 2011-ல் 12,000. 2018-ல் 18,000. ஒரே நாளில் இப்படி உயரவில்லை. பல ஆண்டுகள் ஆயின.

அடுத்து 2001-ம் வருடம். அரசுக் கிடங்குகளில் தானியம் நிறைந்து கிடந்தது. கிராமங்களில் பசியும் இருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. அந்த வழக்கோடு சேர்ந்து உணவு உரிமை இயக்கம் வளர்ந்தது. 2004-ல் ஆய்வாளர்கள் ஆறு மாநிலங்களில் அங்கன்வாடிகளை நேரில் பார்த்தார்கள். தாய்மாரிடம் பேசினார்கள். அதில் தமிழ்நாடு முன்னால் நின்றது. ஒரு மாநிலத்தில் முடிந்தது மற்ற மாநிலத்தில் ஏன் முடியாது என்று கேட்க அது உதவியது.

2006 டிசம்பர் 13-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. நாட்டில் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது. அதை நாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருக்கிறார்கள். அங்கே அங்கன்வாடி இல்லை. மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். கிராமத்துக்கும் இது பொருந்தும். நகரத்தின் குடிசைப் பகுதிக்கும் பொருந்தும்.

இன்று நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி உணவு இன்று சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்க நாம் கூச்சப்பட வேண்டாம்.

நம் கேரளத்தில்

கேரளத்தில் 33,115 அங்கன்வாடிகள் உள்ளன. இங்கே ஒரு வசதி உண்டு. அங்கன்வாடியை நடத்துவதில் பஞ்சாயத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கிய பிறகு பஞ்சாயத்தின் கையில் பணமும் வந்தது. மேற்கூரை ஒழுகினால் திருவனந்தபுரம் போக வேண்டாம். வார்டு மெம்பரிடமே பேசலாம்.

மூன்று வயது ஆகாத குழந்தைக்கு 'அமிர்தம்' மாவு தருகிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்தது. குடும்பஸ்ரீ பெண்கள் இதைத் தயாரிக்கிறார்கள். நம்மைப் போன்ற பெண்களுக்கு அதில் வேலையும் கிடைக்கிறது. 2022 முதல் வாரத்தில் இரண்டு நாள் பாலும் இரண்டு நாள் முட்டையும் தரத் தொடங்கினார்கள்.

2025-ல் ஒரு சிறு பையன் அம்மாவிடம், "அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும்" என்று மழலையில் கேட்டான். அம்மா அதைப் படம் பிடித்தார். ஊரெல்லாம் பார்த்தது. அமைச்சர் வீணா ஜார்ஜும் பார்த்தார். அந்த ஜூன் மாதம் புதிய உணவுப் பட்டியல் வந்தது. முட்டை பிரியாணியும் புலாவும் அதில் இருந்தன. சர்க்கரையையும் உப்பையும் குறைத்தார்கள். அழுத பிள்ளை பால் குடித்தது!

இன்னும் என்ன குறை?

கும்பளங்கியைச் சுற்றிக் காயல். மீன், இறால், நண்டு நம் பிழைப்பு. நம் பக்கத்துப் பெண்கள் பலர் இறால் உரிக்க ஷெட்டுக்குப் போகிறார்கள். உரித்த அளவுக்குத்தான் கூலி. விடியும் முன்பே போனால்தான் நாலு காசு பார்க்கலாம்.

அங்கன்வாடி ஒன்பதரை மணிக்குத் திறக்கிறது. மூன்றரை மணிக்கு மூடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் பிள்ளையை யார் பார்ப்பது? ஒன்றரை வயதுக் குழந்தையை எங்கே விடுவது? பல வீடுகளில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். சின்னதின் பசியும் தீரவில்லை, பெரியதின் படிப்பும் போயிற்று. இது ஒரு வீட்டுக் குறை போலத் தோன்றும். பத்து வீட்டில் இருந்தால் அது ஊர்க் குறை.

இதற்கு வழி உண்டு. அங்கன்வாடியோடு குழந்தைக் காப்பகமும் சேர்த்து நடத்த மத்திய அரசில் 'பால்னா' என்ற திட்டம் இருக்கிறது. பால்னா என்றால் தொட்டில். அதைக் கேட்க வேண்டும்.

அங்கன்வாடி டீச்சரையும் ஹெல்பரையும் மறக்கக் கூடாது. அவர்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். அவர்களும் சங்கமாகச் சேர்ந்து போராடி வருகிறார்கள். பணிக்கொடை பெற அவர்களுக்கும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. டீச்சர் மனம் நிறைந்தால் பிள்ளை வயிறும் நிறையும். அவர்களோடு சண்டை போடாமல், அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

நாம் என்ன செய்யலாம்?

1. கணக்கு எடுங்கள். உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை? மூன்று வயது ஆகாதவர்கள் எத்தனை? வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை?
2. சேர்ந்து பேசுங்கள். குடும்பஸ்ரீ கூட்டத்தில் சொல்லுங்கள். டீச்சரையும் கூப்பிடுங்கள்.
3. மனு எழுதுங்கள். மலையாளம் எழுதத் தெரிந்தவர் துணையோடு எழுதினால் ஆபீசில் வேலை சுலபம்.
4. கிராம சபையில் பேசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வார்டு கிராம சபை கூட வேண்டும் என்பது சட்டம். மட்டாஞ்சேரியில் இருப்பவர்கள் மாநகராட்சிக் கவுன்சிலரைப் பாருங்கள்.
5. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேளுங்கள்.

மனு இப்படி இருக்கலாம்:

"பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கு, ____ வார்டில் வசிக்கும் நாங்கள் எழுதிக்கொள்வது. எங்கள் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ____ பேர் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் ____ பேர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கன்வாடியோடு குழந்தைக் காப்பகமும் அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளின் பெயரும் வயதும் இத்துடன் இணைத்துள்ளோம்."

கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நம் எறணாகுளம் மாவட்டம் 1990-ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கியது. அன்று நம் மூத்தவர்கள் பெயர் எழுதக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

பேசிப் பார்ப்போம்

1. அங்கன்வாடியின் ஆறு வேலைகளில் உங்கள் பகுதியில் எவை நடக்கின்றன? எவை நடக்கவில்லை?
2. 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத இடம் உங்களுக்குத் தெரியுமா?
3. அடுத்த கிராம சபை என்று? யார் யார் சேர்ந்து போகிறீர்கள்?