படத்தில் இல்லாதவர்கள்

2023 ஜூன் 14 அதிகாலை. கிரேக்க நாட்டின் பைலோஸ் நகருக்கு அப்பால், ‘அட்ரியானா’ என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. லிபியாவிலிருந்து கிளம்பிய அதில் ஏறக்குறைய 750 பேர் இருந்தார்கள்: போருக்குத் தப்பிய சிரியர்கள், பாலஸ்தீனர்கள், எகிப்தியர்கள், பாகிஸ்தானியர்கள். பிழைத்தவர்கள் 104 பேர்.

நான்கு நாள் கழித்து, டைட்டானிக் சிதைவைப் பார்க்க ஐந்து பேருடன் இறங்கிய ‘டைட்டன்’ நீர்மூழ்கி காணாமல் போனது. செய்தித் தளங்கள் நிமிடத்துக்கு நிமிடம் தகவல் தந்தன; ஆக்சிஜன் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குச் சொல்லின. ஐவரின் பெயரும் முகமும் கதையும் உலகுக்கே தெரிந்தன. அவர்களுக்காகப் பதறியதில் பிழையில்லை. பைலோஸில் மாண்டவர்களுக்கு அந்தப் பதற்றத்தில் சிறு பங்குகூடக் கிடைக்காததுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்த வாரமே ஏதென்ஸில் பேசிய பராக் ஒபாமாவும் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டினார்.

பாரபட்சம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. 2015-ல் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல்வழியே ஐரோப்பாவை அடைந்தபோது, தலைப்புகளில் அவர்கள் ‘அலை’யாகவும் ‘வெள்ள’மாகவும் வந்தார்கள். வெள்ளம் என்று சொல்லிவிட்டால் அணை கட்டத்தானே தோன்றும்? பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனோ, பூச்சிக் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லையே எடுத்தாண்டார். அந்த ஆகஸ்டில் அல்ஜசீராவின் ஆங்கிலப் பிரிவு ஒரு முடிவெடுத்தது: மத்தியதரைக் கடலைக் கடப்பவர்களைப் பொத்தாம்பொதுவாகக் ‘குடியேறிகள்’ என்று இனி எழுதுவதில்லை. ‘அகதி’ என்பது 1951 ஐ.நா. உடன்படிக்கை பாதுகாப்பு தரும் சட்டச் சொல். ‘குடியேறி’ என்றாலோ, அவராக விரும்பி வந்தவர் என்று வாசகர் எண்ணிக்கொள்வார்.

ஆனால் 2022-ல் உக்ரைன் அகதிகளைப் பற்றிப் பேசும்போது அதே அல்ஜசீராவின் நெறியாளர் ஒருவர், இவர்கள் மத்திய கிழக்கு அகதிகளைப் போன்றவர்கள் அல்லர் என்ற தொனியில் பேசிவிட, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கீவ் நகரை ‘ஒப்பீட்டளவில் நாகரிகமானது’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளரும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இணைய ஊடகத்தால் வேறுவிதமாகவும் செயல்பட முடியும். அட்ரியானா இத்தாலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, உதவி வேண்டாம் என்றது எனக் கிரேக்கக் கடலோரக் காவல்படை சொன்னது. சுற்றியிருந்த கப்பல்களின் நகர்வுப் பதிவுகளை ஆராய்ந்த பிபிசி, கவிழ்வதற்கு முன் குறைந்தது ஏழு மணி நேரம் அந்தப் படகு நகரவே இல்லை என்று காட்டியது.

காவல்படை வானிலிருந்து எடுத்த படம்தான் உலகமெங்கும் சுற்றியது: மேல்தளத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஆண்கள். பெண்களும் குழந்தைகளும் கீழே, படகின் வயிற்றுக்குள் இருந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.