கரையில் நின்று மீன் பிடிக்க எந்த ரீல் வாங்கலாம்?

பள்ளி விடுமுறை விட்டதும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூண்டிலோடு கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். முன்பு கட்டையில் சுற்றிய தங்கூசியும் ஓர் ஈயமும் இரண்டு முள்ளும் போதும். இப்போது வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ராடும் ரீலும் கொண்டு வருகிறார்கள். கடைகளிலும் ஆன்லைனிலும் விதவிதமாகக் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்றுதான் பலருக்கும் குழப்பம்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ரீல் மச்சான் துபாயிலிருந்து கொண்டு வந்தது. கனமான, பளபளப்பான கன்வென்ஷனல் ரீல். அதை ஒரு நீள ராடில் மாட்டி, 120 கிராம் ஈயம் கட்டி, பலம் கொண்ட மட்டும் வீசினோம். பாதி வழியில் ரீலுக்குள் நரம்பு சிக்கிக்கொண்டு சட்டென்று நின்றது. நரம்பு அறுந்து ஈயம் பக்கவாட்டில் பறந்தது. மணல் வீடு கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சில அடி தள்ளி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அது படகிலிருந்து நேராகக் கீழே இறக்கிப் பிடிப்பதற்கான ரீல், வீசுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வகைக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். கன்வென்ஷனல் ரீலில் நரம்பு சுற்றிய உருளை, அதாவது ஸ்பூல், சுழன்றுதான் நரம்பை வெளியே விடும். ராடின் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சுழலாது. வீசும்போது நரம்பு அதன் முன் விளிம்பின் மேலாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். இது ராடுக்குக் கீழே தொங்கும். இந்த இரண்டாவது முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர். நூற்பாலைத் தொழில் குடும்பத்துக்காரர். ஆலையில் நூல் கண்டிலிருந்து நூல் உருவிப் போவதைப் பார்த்தவருக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

சுழலும் ஸ்பூலில்தான் சிக்கலே. வீசிய வேகத்தில் ஈயம் பறக்கும், ஸ்பூலும் அதே வேகத்தில் சுழலும். காற்றில் ஈயத்தின் வேகம் குறைந்தாலும் ஸ்பூல் தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே போக வேண்டிய நரம்பு உள்ளேயே குவிந்து குருவிக் கூடு போல ஆகிவிடும். இதைத் தடுக்கக் கட்டை விரலை ஸ்பூலில் மெல்ல வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஈயம் தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்தி நிறுத்திவிட வேண்டும். வீசுவதற்கென்றே செய்த ரீல்களில் காந்த பிரேக் அல்லது சுழற்சி விசையால் இயங்கும் பிரேக் இருக்கும். அவை உதவும், ஆனால் விரலின் வேலையை முழுக்கச் செய்துவிடாது. நம் கிழக்குக் கரைகளில் கொண்டல் முகத்தில் அடிக்கும் நாளில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். கச்சான் முதுகுப் பக்கம் வீசும்போது அதே ரீல் சொன்னபடி கேட்கும்.

ஸ்பின்னிங் ரீலில் இந்தத் தொல்லை கிடையாது. பத்து வயதுப் பையனும் ஒரு மாலையில் வீசக் கற்றுக்கொள்வான். 20, 30 கிராம் லூரையும் தூரமாக எறியலாம். பெரும்பாலானவற்றில் கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிக்கொள்ளலாம். கன்வென்ஷனலில் பொதுவாக அது முடியாது. ஆகவே, குடும்பத்தோடு கரைக்குப் போகிறவர் முதல் ரீலாக வாங்க வேண்டியது ஸ்பின்னிங்தான் என்று தயங்காமல் சொல்வோம். கிழங்கானும் சிறு பாரையும் பிடிக்க 4000 எண் ரீல் போதும். கொஞ்சம் பெரிய பாரை, சீலாவுக்கு 5000 அல்லது 6000. அதற்கு 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு நரம்பு 200 மீட்டருக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டினால் வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்று தங்கூசி சுற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இதற்கும் குறை உண்டு. மீன் நரம்பை இழுத்து ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவது எல்லோரும் செய்யும் தப்பு. நரம்பு உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். 5:1 கியர் உள்ள ரீலில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. அடுத்த வீச்சில் முடிச்சு விழுவது அதனால்தான். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள், நின்றதும் சுற்றுங்கள். வீசிய பிறகு மேலே உள்ள கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒரு முறை இழுத்து இறுக்கிவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். ட்ராக்கை நரம்பின் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்க வேண்டாம்.

அப்படியானால் கன்வென்ஷனல் யாருக்கு? பாறைக் கரையிலோ துறைமுகத் தடுப்புச் சுவரிலோ நின்று 150 கிராமுக்கு மேல் ஈயமும் முழுச் சாளையும் கட்டி எறிகிறவருக்கு. கலவா, பெரிய பாரை போன்றவற்றைப் பாறைக்குள் புகவிடாமல் இழுக்க வேண்டியவருக்கு. ஸ்பூல் நேராகச் சுற்றுவதால் நரம்பு முறுக்காது, கனமான இழுப்பையும் நன்றாகத் தாங்கும். அவ்வளவு எடையை ஸ்பின்னிங்கில் எறியும்போது ஆள்காட்டி விரலில் பிரெய்டு கத்தி போல வெட்டும். விரலுறை இல்லாமல் முயல வேண்டாம். கன்வென்ஷனல் பழக நினைக்கிறவர் முதலில் தங்கூசியில் பழகட்டும். பிரெய்டில் குருவிக் கூடு விழுந்தால் பிரிப்பதை விட அறுப்பது சுலபம். ஆளில்லாத மைதானத்தில், முள் கட்டாமல், ஈயத்தை மட்டும் வைத்துப் பழகுவது நல்லது. முதல் நாள் பாதி பலத்துக்கு மேல் வீசாதீர்கள். ராடும் தனி. ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் பெரிதாக இருக்கும், கன்வென்ஷனல் ராடில் சிறியது. ஒன்றை மற்றொன்றில் மாட்டிச் சமாளிக்க முடியாது.

ரீல் எதுவானாலும் அறுந்து பறக்கும் ஈயத்தின் ஆபத்து இருக்கவே செய்கிறது. ஸ்பின்னிங்கிலும் வீசும்போது கம்பி தானாக மூடிக்கொண்டால் அதே கதைதான். அதனால் நரம்பின் முனையில் தடித்த லீடர் கட்டுவது அவசியம். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு, அதாவது 28 கிராமுக்கு, 10 பவுண்டு லீடர் என்பது பழைய கணக்கு. 100 கிராம் ஈயம் என்றால் 40 பவுண்டு. ராடைக் கீழே தொங்கவிட்டாலும் ரீலில் சில சுற்று இருக்கும் அளவுக்கு லீடர் நீளம் வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் அன்று நாங்கள் 120 கிராமை எறிந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்து நிழலில் காயவைத்து, பிறகு ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். அறுத்துப் போட்ட தங்கூசியைக் கரையில் விடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மணலில் கிடப்பது பறவைகளின் காலில் சுற்றுகிறது, கடலுக்குப் போனால் ஆமைகளைச் சிக்க வைக்கிறது.