முட்டை ஓட்டை வீசாதீங்க!

சகோதரிகளே, கோழி தோல்முட்டை இட்டால் ‘கண்ணு பட்டுருச்சு’ன்னு சொல்வோம். பல சமயம் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான்.

முட்டை ஓட்டில் 100-க்கு சுமார் 95 பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கு. தீவனத்தில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். இப்படியே போனால் ஓடு மெலியும், முட்டை உடையும், நமக்கு நட்டம்.

செய்முறை: ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். வெயிலில் காயவைத்து, நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் வையுங்க. வேண்டிய கோழி தானே கொத்தும். முழு ஓடாகப் போட்டால் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிடும்.

மீந்ததை மாவாக அரைத்துச் செடிக்குப் போடலாம். பெரிய துண்டு எளிதில் மட்காது. சுண்ணாம்பு மண்ணுக்கு வேண்டாம்.

தோல்முட்டை தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.