கினிப்பன்றிக்குப் படையா? களிம்பு பூசும் முன்...

கினிப்பன்றியின் மூக்கோரத்திலோ கண்ணைச் சுற்றியோ முடி உதிர்ந்து, தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கினால் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பிள்ளைக்கு வாங்கிய படைக் களிம்பு அலமாரியில் மிச்சம் இருக்கும். அதை எடுத்துப் பூசிவிடுவார்கள். வந்திருப்பது படைதான் என்றாலும் அது மட்டும் போதாது. வேறு நோயாக இருந்தாலோ, உண்மையான காரணத்தைக் கண்டறிய வேண்டிய நாட்கள் வீணாகின்றன.

படை நமக்குப் புதிய நோயல்ல. ஆண்டு முழுக்க ஈரம் குறையாத காற்றும் வேர்வையும் சரியாகக் காயாத துணியும் சேர்ந்தால் படை வரும் என்பது மலேசியாவின் கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை தோட்டப்புறங்களில் வளர்ந்த எவருக்கும் தெரியும். முடியிலும் நகத்திலும் மேல்தோலிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சையே இதற்குக் காரணம். மயிர்த்தண்டுக்குள் பூஞ்சை இழைகள் நுழைந்ததும் முடி வலுவிழந்து ஒடிகிறது. அப்படி ஒடிந்து விழும் ஒவ்வொரு துணுக்கிலும் அடுத்த உடலுக்குத் தொற்றக்கூடிய வித்துகள் ஒட்டியிருக்கும்.

கினிப்பன்றிகளில் இது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டன் வகைப் பூஞ்சைகளால் வருகிறது. மூக்கு, நெற்றி, கண்ணோரம், காது என முகத்தில் தொடங்கி முதுகுக்குப் பரவும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. இதைவிடக் கவலைக்குரியது, நோய்க்குறி எதுவும் காட்டாமலே பூஞ்சையைச் சுமக்கும் பிராணிகள்தாம். ஜெர்மனியின் பெர்லின் நகரக் கடைகளில் விற்பனைக்கு வைத்திருந்த கினிப்பன்றிகளைச் சோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் ட்ரைக்கோஃபைட்டன் பென்ஹாமியே என்ற பூஞ்சை இருந்தது. அவற்றில் வெளிப்படையாகத் தோல் பாதித்தவை மிகச் சிலவே. கடையில் மொழுமொழுவென்று இருந்தது என்பதால் நோயில்லை என்று ஆகிவிடாது. புதிதாக வாங்கி வந்ததைப் பழையவற்றோடு சேர்க்காமல் மூன்று நான்கு வாரமாவது தனியாக வைக்கச் சொல்வது அதனால்தான்.

முடி கொட்டுவதெல்லாம் படையுமல்ல. ட்ரிக்சகாரஸ் கேவியே என்ற நுண்ணிய சொறிப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் குடியேறினால் அரிப்பு தாங்க முடியாததாகிவிடும். பிராணி தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். முற்றினால் வலிப்பே வந்துவிடும். பார்ப்பவர்கள் அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. இதற்குப் படைக் களிம்பால் எள்ளளவும் பயனில்லை; பூச்சியைக் கொல்லும் மருந்தை எடை பார்த்து மருத்துவர் கொடுக்க வேண்டும். வயதான பெட்டையின் இரு விலாவிலும் சமமாக முடி உதிர்ந்தால் சூலகக் கட்டியைச் சந்தேகிக்கலாம். காதுக்குப் பின்னால் சிறு வழுக்கை இருப்பதோ இயல்பு, அதற்கு வைத்தியமே வேண்டாம்.

வைட்டமின் சி குறைவும் ஒரு காரணம். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் இந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளாது. 1907இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு மனிதருக்கு வரும் ஸ்கர்வி நோயே வந்ததைக் கண்டார்கள். குறைவு ஏற்பட்டால் முடி சொரசொரப்பாகும், மூட்டு வீங்கும், பிராணி சோர்ந்து கிடக்கும், எந்தத் தொற்றும் எளிதில் பிடிக்கும். கொய்யாத் துண்டு, குடைமிளகாய், பச்சைப் புல் ஆகியவை கை கொடுக்கும். புல்லில் மட்டும் கவனம் வேண்டும். 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய வணிகச் செம்பனை இன்று இந்த வட்டாரத்தையே மூடியிருக்கிறது. அந்த வரிசைகளில் களைக்கு மருந்தடிப்பார்கள். அங்கே அறுத்த புல்லைக் கூண்டுக்குள் போடாதீர்கள்.

ஆகவே முதலில் சோதனை. வழுக்கையின் ஓரத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கி, செதிலையும் சுரண்டியெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதோடு பூஞ்சையை வளர்த்தும் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அறிகுறி இல்லாத பிராணியாக இருந்தால் புதிய டூத் பிரஷ்ஷால் உடல் முழுக்க வாரி, அதை வளர்ப்புக் கிண்ணத்தில் அழுத்துவார்கள். எளிய வழிதான், ஆனால் நம்பகமானது. புற ஊதா ஒளி காட்டும் உட்ஸ் விளக்கில் பச்சையாக மின்னவில்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பூனைகளுக்கு வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் அந்த ஒளியில் பெரும்பாலும் மின்னும். கினிப்பன்றிக்கு வழக்கமாக வரும் ட்ரைக்கோஃபைட்டன் மின்னாது.

இந்த நோயின் வைத்தியத்தில் மனித இனம் கினிப்பன்றிக்குக் கடன்பட்டிருக்கிறது. 1950களின் கடைசி வரை தலையில் படை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ்ரே காட்டி முடியை உதிர்ப்பதுதான் பல நாடுகளில் வழக்கம். அதன் தீங்கைப் பின்னாளில் அனுபவித்தவர்கள் பல்லாயிரம் பேர். 1939இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரைசியோஃபுல்வின் அப்போது மருத்துவத்தில் பயன்படாமலே கிடந்தது. 1958இல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர், படை தொற்றவைத்த கினிப்பன்றிகளுக்கு அதை வாய்வழியே கொடுத்தார், அவை குணமாயின. சிறிது காலத்திலேயே மனிதருக்கும் அது மருந்தானது. உள்ளே சாப்பிட்டுப் படையைத் தீர்க்கலாம் என்ற வழி, வேண்டுமென்றே நோயூட்டப்பட்ட இந்தச் சிறு பிராணிகளின் உடலில்தான் நிரூபணமானது. அதே நோய் கினிப்பன்றிக்கு வந்தால் ஊகத்தில் எதையோ தடவிவிட்டு இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது இட்ராகோனசோல், டெர்பினஃபைன் போன்றவையும் உண்டு. எது, எவ்வளவு, எத்தனை வாரம் என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சினைப்பட்ட பெட்டைக்குக் கிரைசியோஃபுல்வின் ஆகாது. புண்ணாகிவிட்டதே என்று வீட்டிலிருக்கும் அமோக்சிசிலினைக் கரைத்து ஊட்டினால் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாட்களிலேயே கினிப்பன்றி செத்துவிடக்கூடும். நம் ஆட்கள் படைக்கு அரைத்துப் பூசும் கெலெங்காங் இலை, அதாவது சீமை அகத்தி, பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் கொண்டதுதான். ஆனால் அது பேதி மருந்தும்கூட. பூசியதைக் கினிப்பன்றி நக்கித் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும். தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும். இந்தியாவில் சென்ற பத்தாண்டில் மருந்துக்கு அடங்காத படை பெருகியதற்கு இத்தகைய கலவைக் களிம்புகளை முக்கியக் காரணமாகத் தோல் மருத்துவர்கள் சுட்டுகிறார்கள். அங்கே பரவிய, டெர்பினஃபைனுக்கும் பல நேரம் அடங்காத பூஞ்சைக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதா? கூண்டைப் பாருங்கள். வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மரப்பெட்டி, அட்டை, படுக்கைத் தூள் ஆகியவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். பிளாஸ்டிக்கையும் கம்பியையும் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனையவிட்டு, நன்றாக அலசிக் காய வையுங்கள். அந்த நேரத்தில் பிராணி பக்கத்தில் இருக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழ் காற்றோட்டமில்லாத மூலையில் கூண்டை வைக்காதீர்கள். ஈரம் பூஞ்சைக்கு வசதி, வெக்கையோ கினிப்பன்றியின் உயிருக்கே ஆபத்து. கூட இருக்கும் மற்றவற்றையும் சேர்த்தே சோதியுங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கினிப்பன்றி பார்ப்பதில்லை. கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. வட்டாரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. இந்தப் படை மனிதருக்கும் தொற்றும் என்பதால், பிள்ளையின் கையிலோ கழுத்திலோ வட்டமாகச் சிவந்திருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தலையில் வந்தால் தாமதமே கூடாது. அங்கே களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சீழ்பிடித்து வீங்கினால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் கினிப்பன்றி வளர்க்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.