ராட்செட் ஏன் ஒரு பக்கம் மட்டும் திருகுகிறது?

மெக்கானிக் பட்டறையில் 'கிரிக் கிரிக்' என்ற சத்தம் ஓயாது. ராட்செட் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் நட்டு சுற்றுகிறது. மறுபக்கம் கொண்டுவந்தால் கைப்பிடி மட்டும் நகர்கிறது. சாதாரண ஸ்பேனரைப் போல ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. எப்படி?

ராட்செட்டின் தலைக்குள் ஒரு பல்சக்கரம் உண்டு. ஸ்பிரிங் அழுத்தும் சிறு கொக்கி ஒன்று அதன் பற்களில் படிந்திருக்கும். ஒரு திசையில் கொக்கி பல்லை முட்டிப் பிடித்து, கையின் விசையை நட்டுக்குக் கடத்துகிறது. எதிர்த்திசையில் பற்களின் மேல் ஏறி இறங்கி வழுக்குகிறது, சத்தம் அதுதான். தலையிலுள்ள லீவரை மாற்றினால் கொக்கி மறுபக்கம் பிடிக்கும். இறுக்கிய கருவியே கழற்றவும் செய்யும்.

பற்களின் எண்ணிக்கை எதற்கு? 36 பற்கள் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 10 பாகை நகர வேண்டும். 72 என்றால் 5 பாகை போதும். என்ஜின் இடுக்கில் கை நுழைப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

துருப்பிடித்த நட்டுக்கு ராட்செட் ஏன் ஆகாது? முழு விசையும் சில பற்களின் மேல் விழுகிறது. கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டினால் பல் தெறிக்கலாம். பல்சக்கரமில்லாத நீண்ட கைப்பிடியால் முதலில் தளர்த்திவிட்டு, பிறகு ராட்செட்டை எடுங்கள்.

உள்ளே மண் சேர்ந்து கரகரத்தால் தலையைத் திறந்து துடைத்து, மெல்லிய எண்ணெய் இடுங்கள். கெட்டி கிரீஸை அப்பினால் கொக்கி பல்லில் முழுதாகப் படியாது. அழுத்தும்போது வழுக்கி, விரல் முட்டி பெயரும்.