விளக்குத் தேய்க்க முட்டை ஓடு

ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கும் புளி குழம்புக்கும் போகும், வியாழக்கிழமை சாயங்காலம் பித்தளை விளக்குக்கும் போகும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். திரிமுனையில் கருகி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குக்கு அது போதாது. உரசுவதற்கு ஒரு பொடி வேண்டும். கைக்கு முதலில் அகப்படுவது மணலோ செங்கல் தூளோதான்.

அங்கேதான் விளக்கு தேயத் தொடங்குகிறது. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பித்தளையோ 3, 4-ஐத் தாண்டாது. மணல் விளக்கைப் பளபளக்க வைக்கும், கூடவே பித்தளையையும் சுரண்டிக்கொண்டு போகும். பாட்டி காலத்து விளக்குகளில் பூவேலை மழுங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

குப்பைக்குப் போகும் முட்டை ஓட்டைப் பாருங்கள். அதில் ஏறக்குறைய 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட், கடினத்தன்மை 3. ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் நறநறக்கும், குத்தாது. ஒரு துகள் உலோகத்தை நன்றாகக் கீற வேண்டுமானால் அதைவிடச் சுமார் 1.2 மடங்காவது கடினமாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு. முட்டை ஓட்டுக்கு அந்த பலம் இல்லை. பித்தளையில் உரசும்போது பெரும்பாலும் ஓடுதான் நொறுங்கும். பிசுக்கு அதோடு வந்துவிடும்.

அலுமினியச் சட்டிக்கு இது ஆகாது. அலுமினியம் 3-க்கும் சற்றுக் கீழே, கோடு விழும். அதற்குக் கொட்டாங்குச்சித் தூள் நல்லது. அது மரத்தின் இனம், உலோகத்தை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் எடுக்கும். விமான இன்ஜின்களுக்குள் வால்நட் ஓட்டுத் தூளைச் செலுத்திச் சுத்தம் செய்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

கை பலத்துக்கும் கணக்கு உண்டு. அழுத்தம் இரட்டித்தால் தேய்மானமும் இரட்டிக்கும் என்கிறது 1953-ல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம். அதனால் அழுத்தாமல் தேயுங்கள்.

புளியையும் ஓட்டுப் பொடியையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள். நுரைத்துப் பொங்கும், ஓடு கரையும், புளியின் புளிப்பும் செத்துப்போகும். முதலில் புளி. நன்றாகக் கழுவிய பிறகு பொடி.