விடுதிப் பள்ளியின் நுழைவுத் தேர்வு: பெற்றோர் கேட்க மறக்கும் கேள்விகள்

பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவானதும், நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பள்ளியானாலும் ஊட்டி, ஏற்காட்டு மலைப் பள்ளியானாலும், பல இடங்களில் முதலில் சொல்லப்படுவது நுழைவுத் தேர்வின் தேதிதான். கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு என்று பிள்ளைக்கு ஒரு வினாத்தாள். அதன்பின் பெற்றோருக்கு ஒரு நேர்காணல். இதை நாம் இயல்பான நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கைக்கு இப்படித் தேர்வு வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13, பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டலுக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. வடிகட்டல் எது என்பதையும் அதே சட்டம் வரையறுக்கிறது: குலுக்கல் போன்ற வழியைத் தவிர, ஒரு குழந்தையை விட்டுவிட்டு இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் வடிகட்டல்தான். எழுத்துத் தேர்வும் அதில் அடங்கும். அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மாவுக்கு ஆங்கிலம் வருமா என்று பார்த்துச் சேர்க்கும் நேர்காணலும் அடங்கும். முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இந்தத் தேர்வு பிள்ளைக்கு மன அழுத்தம் தருகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அது உண்மைதான். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். தேர்வு பெற்றோரை வாயடைக்க வைக்கிறது. பணம் கட்டுபவரும் அவரே, பெற்ற பிள்ளையை இரவும் பகலும் பிறர் பொறுப்பில் விடுபவரும் அவரே. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருக்கும் அவர், 'இடம் கிடைக்குமா' என்று கைகட்டி நிற்பவராக மாறிவிடுகிறார். இடம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில், ரசீது எங்கே, விடுதிக்கு உரிமம் உண்டா, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்க அவருக்கு நா எழுவதில்லை. ஏதாவது கேட்டால் கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயம். தேர்வில் பிள்ளை எடுக்கும் மதிப்பெண்ணைவிட இந்த மௌனம்தான் நிர்வாகத்துக்குப் பயன்படுகிறது.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை, கட்டட நிதி என எந்தப் பெயரில் வாங்கினாலும் அது கல்வி உரிமைச் சட்டப்படி 'கேப்பிடேஷன்' கட்டணம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டங்களே உள்ளன. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையின் நகலைப் பள்ளியில் கேட்பது பெற்றோரின் உரிமை. 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்' என்ற பெயரில் தேர்வு வைத்து, உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு சதவீதம் தள்ளுபடி, இந்த வாரத்துக்குள் கட்டினால்தான் உண்டு என்று அவசரப்படுத்தும் இடங்களில் இந்த நகல் மிகவும் தேவை. நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று தெரியாமல் தள்ளுபடி எதிலிருந்து என்று எப்படிக் கணக்கிடுவது? கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளியின் பெயரில் ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் தொகையை நாளை எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது.

பணத்தைக் காட்டிலும் முக்கியமானது விடுதி. குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் தேவை என்று தமிழ்நாட்டில் 2014-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தால் விடுதிக்கும் அதுவே போதும் என்று நம்புகிறவர்கள் பலர். இரண்டும் வேறு வேறு. உரிமத்தின் நகலைக் கேளுங்கள். காப்பாளர் இரவில் எங்கே தங்குகிறார், பிள்ளை வீட்டோடு தனியாகப் பேச வழி இருக்கிறதா என்பதை நேரில் போய்ப் பாருங்கள். அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை; படிக்க வைக்க வேறு வழியில்லை என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனத் தலைவருக்குப் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பதும் குற்றமே.

இருப்பது நூறு இடம், வருவது ஆயிரம் பேர், தேர்வு வைக்காமல் எப்படிச் சேர்ப்பது என்று பள்ளிகள் கேட்கின்றன. குலுக்கல் நடத்தலாம், சட்டம் காட்டும் வழியும் அதுதான். பிள்ளையின் தரம் தெரியாமல் எப்படிப் பாடம் நடத்துவது என்றால், சேர்த்த பிறகு சோதித்துப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. முன்பே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பிறகு அவர்கள் வாங்கும் மதிப்பெண்ணைப் பள்ளியின் சாதனையாக விளம்பரப்படுத்துவதில் கற்பித்தலின் பங்கு எவ்வளவு என்று பெற்றோரும் யோசிக்க வேண்டும். மத்திய அரசின் நவோதயா, சைனிக் பள்ளிகளே தேர்வு வைக்கின்றனவே என்ற கேள்வி நியாயமானது. அவை சட்டத்தில் தனி வகைப் பள்ளிகளாகக் குறிக்கப்பட்டவை. அந்த விலக்கைத் தனியார் பள்ளி தனக்கும் உரியதென்று சொல்ல முடியாது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் தேர்வு வைத்துச் சேர்ப்பதையும் இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே புகார் எழுதும் முன் பள்ளி எந்த வகை, வகுப்பு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தில் ஒரு பலவீனம் உண்டு. பிரிவு 13-ஐ மீறிய பள்ளி மீது வழக்குத் தொடர, அரசு அதிகாரம் அளித்த அலுவலரின் முன் அனுமதி வேண்டும். அதனால் எழுத்துப்பூர்வமான புகார்தான் முதல் படி. தேர்வு அறிவிப்பு, ஹால் டிக்கெட், பணம் கேட்ட குறுஞ்செய்தி ஆகியவற்றை இணைத்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. கல்வி தொடர்பான உதவிக்கு 14417, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களே என்ற பயம் வீணானதல்ல. ஆகையால் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. சகிக்க முடியாமல் பிள்ளையை எட்டாம் வகுப்புக்குள் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்ற நேர்ந்தால், பழைய பள்ளி டி.சி. தரத் தாமதிப்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்கப் போகும் பெற்றோர், பணம் கட்டும் முன் விடுதி உரிமத்தையும் கட்டண ஆணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுக்கும் பள்ளியில் பிள்ளையை விடாதீர்கள்.